லைசன்ஸ் உள்ளவர்களுக்கு: தற்காப்புக்கான கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மலேசியாவில் கைத்துப்பாக்கி லைசன்ஸ் வைத்திருக்கும் பொதுமக்கள் மிகக் குறைவு. அவர்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள்: நகைக்கடை, நாணய மாற்று, பெரும் ரொக்கம் புழங்கும் மொத்த வியாபாரம் என்று தொழில் நடத்துபவர்கள். துப்பாக்கி வாங்கும்போது பத்துப் பேரிடம் விசாரிப்பவர்கள்கூட, தோட்டா விஷயத்தில் டீலர் எடுத்து வைத்ததை அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். துப்பாக்கியிலிருந்து வெளியே போய் வேலை செய்வது தோட்டாதான். சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகக் கூடியதும் அதுதான். கோலாலம்பூர், பினாங்கு கடைவீடுகளையும் மாடி வீடுகளையும் மனத்தில் வைத்து, லைசன்ஸ் உள்ளவர்களுக்காக மட்டும் இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் லைசன்ஸ் தாளை எடுத்துப் படியுங்கள்

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் வைத்திருந்தால் 8ஆம் பிரிவின் கீழ் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். ஒரே ஒரு தோட்டா என்றாலும் சட்டம் இதுதான். ஆகவே எந்த அளவுத் தோட்டா, எத்தனை வரை என்பதை உங்கள் லைசன்ஸில் பார்த்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும். லைசன்ஸ் தரும் அதிகாரம் மாநிலப் போலீஸ் தலைவருடையது. குறிப்பிட்ட வகைத் தோட்டா உங்களுக்கு அனுமதிக்கப்படுமா என்ற சந்தேகம் வந்தால் அந்தத் தலைமையகத்தின் லைசன்ஸ் பிரிவில் கேளுங்கள். நண்பரின் வார்த்தையை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

தாய்லாந்தின் ஹட்யாயில் துப்பாக்கி சுடும் இடத்துக்குப் போனவர்கள் நினைவுக்கு ஒரு தோட்டாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவது உண்டு. செய்யவே கூடாது. உங்களிடம் லைசன்ஸ் இருந்தாலும் எல்லை தாண்டிக் கொண்டுவருவதற்கு அது அனுமதி ஆகாது. வீட்டில் தோட்டா நிரப்பும் கருவி வாங்கும் எண்ணமும் வேண்டாம். நம் சட்டத்தில் அதற்கு இடமில்லை. கை நிரப்பிய தோட்டாவைத் தற்காப்புக்கு நம்புவதும் தவறு.

எப்போது சுடலாம் என்பதைத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகள் சொல்கின்றன. அவற்றில் 99ஆம் பிரிவை ஒவ்வொரு லைசன்ஸ்காரரும் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். போலீஸ் உதவியைப் பெற நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை கிடையாது. தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் உரிமை கிடையாது. ஓடுகிறவன் முதுகில் சுட எந்தத் தோட்டாவும் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை.

துப்பாக்கியின் அளவைச் சரியாக அறிவது

பேரலிலோ ஸ்லைடிலோ பொறித்திருக்கும் அளவைப் படியுங்கள். 9 எம்.எம். லூகர், 9 எம்.எம். பாரபெல்லம், 9x19 மூன்றும் ஒன்றே. ஆனால் 9 எம்.எம். கூர்ஸ், 9 எம்.எம். கோர்ட்டோ, 9x17 என்று இருந்தால் அது .380 ஆட்டோ, 9x18 என்றால் மக்காரோவ். எல்லாவற்றிலும் 9 இருப்பதால் குழப்பம் வருகிறது, பெட்டியும் மாறிப்போகிறது.

ரிவால்வர்களில் ஆபத்து வேறு மாதிரி. பழைய பிரிட்டிஷ் ரிவால்வர்கள் பலவும் .38 எஸ் அண்ட் டபிள்யூ அளவில் செய்யப்பட்டவை. அந்தத் தோட்டாவின் கூடு (மருந்து நிரப்பி, முனையில் குண்டு பொருத்திய பித்தளைக் குழல்) 19.7 மில்லிமீட்டர் நீளம். இன்று கடையில் கிடைக்கும் .38 ஸ்பெஷல் கூடு 29.3 மில்லிமீட்டர், குண்டின் விட்டமும் சற்றுக் குறைவு. பெயரில் .38 என்றிருப்பதை மட்டும் பார்த்து மாற்றிப் போடக் கூடாது. தாத்தா காலத்துத் துப்பாக்கியாக இருந்தால் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம், தோட்டா உட்காரும் துளையான சேம்பரை அளக்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள். .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் சுடலாம்; .38 ஸ்பெஷல் ரிவால்வரில் .357 சுடக் கூடாது.

பிளஸ் பி என்று எழுதிய தோட்டாக்கள் சாதாரணத்தைவிட அழுத்தம் கூடியவை. அமெரிக்கத் தர அமைப்பான சாமியின் (SAAMI) அளவில் 9 எம்.எம். தோட்டாவுக்கு உச்ச அழுத்தம் 35,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), பிளஸ் பி-க்கு 38,500. .38 ஸ்பெஷலில் 17,000, பிளஸ் பி-க்கு 20,000. துப்பாக்கியின் கையேட்டில் பிளஸ் பி தாங்கும் என்று எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள். கையேடு இல்லாத பழைய துப்பாக்கிக்கு வேண்டாம். அந்தக் கூடுதல் வேகத்தால் கிடைக்கும் பலன் சிறிது. துப்பாக்கிக்கும் கைக்கும் வரும் உதைப்பு அதைவிடப் பெரிது.

குண்டு என்ன செய்ய வேண்டும்?

கைத்துப்பாக்கிக் குண்டுக்கு ஒருவரைத் தூக்கி எறியும் சக்தி கிடையாது. போகும் வழியில் இருக்கும் திசுவை நசுக்கித் துளையிடுகிறது, அவ்வளவுதான். வேகமாக நுழையும்போது சுற்றியுள்ள திசு ஒரு கணம் விரிந்து சுருங்கும். ரைஃபிள் வேகத்தில் அது பெரிய சேதம். கைத்துப்பாக்கி வேகத்தில் அதை நம்ப முடியாது. ஆக மூன்று விஷயங்கள்தான் கணக்கில் வரும்: முக்கியமான உறுப்பு வரை ஆழம் போக வேண்டும், வழியில் எவ்வளவு அகலமாகத் துளைக்கிறது, சுட்டது பட வேண்டிய இடத்தில் பட்டதா.

ஆழத்தின் முக்கியத்துவம் அமெரிக்காவில் விலை கொடுத்துக் கற்ற பாடம். 1986 ஏப்ரல் 11 அன்று மையாமியில் கொள்ளையர்களோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் இறந்தனர். கொள்ளையர்களில் ஒருவன் சண்டையின் தொடக்கத்திலேயே மார்பில் ஒரு குண்டு வாங்கியிருந்தான். 115 கிரெய்ன் (7.5 கிராம்) எடையுள்ள 9 எம்.எம். ஹாலோ பாயிண்ட், அதாவது முனையில் குழியுள்ள குண்டு அது. கையைத் துளைத்து மார்புக்குள் போய் இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். இதற்குப் பிறகுதான் எஃப்.பி.ஐ. தோட்டாவுக்கான சோதனை முறையை வகுத்தது. உடல் திசுவுக்குப் பதிலாக 10 சதவீத ஜெலட்டின் கட்டியில் சுட்டு, குண்டு 12 முதல் 18 அங்குலம், அதாவது 30 முதல் 46 சென்டிமீட்டர் வரை போக வேண்டும் என்பது விதி. வெறும் ஜெலட்டினில் மட்டுமல்ல, கனத்த துணி, தகரம், ஜிப்சம் பலகை, ப்ளைவுட், கார் கண்ணாடி ஆகியவற்றைத் தாண்டியும் சுட்டுப் பார்க்கிறார்கள்.

மனித மார்பு 46 சென்டிமீட்டர் ஆழம் இல்லையே என்று கேட்கலாம். நேராக நின்று நெஞ்சைக் காட்டுகிறவனைச் சுடும் கணக்கு இது அல்ல. பக்கவாட்டில் திரும்பியிருப்பான், கையை நீட்டியிருப்பான், குனிந்திருப்பான். குண்டு முதலில் கையைத் துளைத்துவிட்டுத்தான் உடலுக்குள் போகும். 30 சென்டிமீட்டருக்குக் குறைவாகப் போகும் தோட்டாவை, விளம்பரத்தில் விரிந்த குண்டின் காளான் வடிவத்தை எவ்வளவு பெரிதாகக் காட்டினாலும், ஒதுக்குங்கள்.

இனி வகைகளைப் பார்ப்போம். ஃபுல் மெட்டல் ஜாக்கெட் என்பது ஈயக் குண்டை முழுக்கச் செம்பு உறையால் மூடியது. விரியாது. 9 எம்.எம். அளவில் ஜெலட்டினில் 60 சென்டிமீட்டருக்கு மேல் போகும். உடலைத் துளைத்து மறுபக்கம் வெளியேறவும் கூடும். பயிற்சிக்கு நல்லது, மலிவு, எந்தத் துப்பாக்கியிலும் சிக்காமல் ஏறும். ஹாலோ பாயிண்டின் முனையில் குழி இருக்கும். ஈரமான திசுவுக்குள் நுழையும்போது அந்தக் குழியில் அழுத்தம் ஏறி முனை மடிந்து விரிகிறது. 9 எம்.எம். குண்டு விரிந்து 14 முதல் 16 மில்லிமீட்டர் வரை அகலமாகும், அதனால் வேகம் குறைந்து உடலுக்குள்ளேயே நிற்க வாய்ப்பு கூடுகிறது. பின்னால் நிற்பவரைக் காப்பாற்றுவதற்கு இதுவே காரணம். ஃபெடரல் எச்.எஸ்.டி., ஸ்பீர் கோல்ட் டாட், ஹோர்னடி கிரிட்டிகல் டியூட்டி போன்றவை இந்தச் சோதனைகளில் தொடர்ந்து நல்ல பெயர் எடுத்தவை. உங்கள் டீலரிடம் இவற்றில் எது கிடைக்கிறதோ, அதற்கு லைசன்ஸ் பிரிவு சம்மதித்தால், அதிலிருந்து தொடங்குங்கள்.

உடலில் பட்டதும் பொடியாகும் குண்டு, உள்ளே சின்னச் சின்ன ஈயமணி நிரப்பிய குண்டு என்று சில விற்கப்படுகின்றன. பக்கத்து வீட்டுக்குப் பாதுகாப்பு என்று விளம்பரம் செய்வார்கள். ஆழம் போகாது. தற்காப்புக்கு வேண்டாம்.

எடையும் அளவும்

குண்டின் எடையைக் கிரெய்னில் சொல்வார்கள். 115 கிரெய்ன் 7.5 கிராம், 124 கிரெய்ன் 8 கிராம், 147 கிரெய்ன் 9.5 கிராம். 9 எம்.எம். துப்பாக்கிக்கு 124 அல்லது 147 என்று போனால் ஆழம் பற்றிக் கவலை குறைவு. 124 விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் போகும், 147 சுமார் 305 மீட்டரில். 147 ஒலியின் வேகத்துக்குக் கீழே இருப்பதால் சத்தம் சற்று மட்டுப்படும். என்றாலும் மூடிய கடைக்குள் எந்தத் தோட்டாவும் காதைப் பழுதாக்கும். பேரல் 3 அங்குலத்துக்குக் கீழே இருக்கும் சின்னத் துப்பாக்கியென்றால், குறுகிய பேரலுக்கென்று செய்த தோட்டாவைக் கேளுங்கள். சாதாரண ஹாலோ பாயிண்ட் அந்த வேகக் குறைவில் விரியாமல் போகலாம்.

இரண்டங்குல .38 ரிவால்வர்தான் நம் பக்கம் லைசன்ஸ்காரர்களிடம் அடிக்கடி காணப்படும் வகை. இதில் பெரும்பாலான ஹாலோ பாயிண்ட்கள் ஏமாற்றும். 135 கிரெய்ன் ஷார்ட் பேரல் கோல்ட் டாட் இந்த நீளத்துக்கென்றே செய்யப்பட்டது. அது பிளஸ் பி என்பதால் ரிவால்வர் தாங்குமா என்று பார்க்க வேண்டும். தாங்காது என்றாலோ கிடைக்கவில்லை என்றாலோ, 148 கிரெய்ன் வாட்கட்டர் என்னும் தட்டை முனை ஈயக் குண்டை யோசியுங்கள். இலக்குப் பயிற்சிக்காகச் செய்யப்பட்டது, உதைப்பு மிகக் குறைவு, விரியாமலேயே தட்டையான முனையால் சுத்தமாக வெட்டிக்கொண்டு போதுமான ஆழம் போகும். ஒரே குறை, உருளை போன்ற வடிவத்தால் மறுபடி நிரப்பும்போது சேம்பரில் தடவித் தடவிப் போட வேண்டியிருக்கும். வயதானவர்களுக்கும் கை வலி உள்ளவர்களுக்கும் இதுதான் எங்கள் முதல் பரிந்துரை. வலிக்கும் என்று பயந்து பயிற்சி செய்யாமல் விடுவதைவிட, மென்மையான தோட்டாவால் ஐந்தையும் ஒரே இடத்தில் போடுவது மேல்.

.380 அளவில் வேகமும் எடையும் குறைவு. விரிகிற குண்டு ஆழம் போகாமல் நிற்கும், ஆழம் போகிற குண்டு விரியாது. சோதனையில் 30 சென்டிமீட்டர் கடந்ததாக உறுதியாகத் தெரிந்த ஹாலோ பாயிண்ட் கிடைக்காவிட்டால் ஃபுல் மெட்டல் ஜாக்கெட்டே போடுங்கள். .32 ஆட்டோவுக்கும் அதேதான்.

உங்கள் சுவர் எப்படிப்பட்டது?

இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்து போகாதீர்கள். தோட்டாவின் பெயரைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியைச் சுவருக்குக் கொடுத்தால் நல்லது.

ஒரு தாள் எடுத்துக் கடையின் தரைப்படம் வரையுங்கள். நீங்கள் எங்கே உட்கார்வீர்கள், பணப்பெட்டி எங்கே, கொள்ளையன் எங்கே நிற்க வாய்ப்பு என்று குறியுங்கள். அவனிடமிருந்து பின்னோக்கிக் கோடு இழுத்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு கோடும் எதில் போய் முடிகிறது? ஜாலான் மஸ்ஜித் இந்தியாவிலோ பினாங்கு லெபோ பாசாரிலோ கடை வைத்திருப்பவருக்கு, கல்லாவிலிருந்து வாசலைப் பார்த்தால் அந்தக் கோடு கடை முன்னாலுள்ள அஞ்சடி நடைபாதையில் முடியும். அங்கே பூக்கடை இருக்கும், நடந்து போகிறவர்கள் இருப்பார்கள், அதற்கு அப்பால் சாலை. 9 எம்.எம். குண்டு தடையில்லாமல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் போகும். வாசலை நோக்கிச் சுடும் கோடு எந்தத் தோட்டாவாலும் பாதுகாப்பாக மாறாது. கல்லாவை இடம் மாற்றுவதும், செங்கல் சுவரைப் பின்புலமாக அமைத்துக்கொள்வதும்தான் வழி.

செங்கல், அதுவும் இரண்டு பக்கமும் சிமெண்ட் பூசிய சுவர், கைத்துப்பாக்கிக் குண்டைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். துளையுள்ள கற்களால் கட்டியதை அப்படி நம்ப முடியாது. ஜிப்சம் பலகைத் தடுப்பு, ப்ளைவுட், உள்ளே வெற்றிடமுள்ள கதவு, சமையலறைப் பின்னாலுள்ள தகரம் ஆகியவை குண்டைப் பொறுத்தவரை இல்லாத மாதிரிதான். கடையைப் பாதியாக வெட்டி முன்னால் வியாபாரமும் பின்னால் வேலையாட்கள் சாப்பிடும் இடமுமாக ப்ளைவுட் அடித்திருந்தால், பின்னால் இருப்பவர்கள் திறந்த வெளியில் இருப்பதாகவே எண்ணுங்கள்.

ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் இன்னொரு சிக்கல். பக்கச் சுவர்கள் தடித்த செங்கல், அவை நல்லவை. ஆனால் மேல்மாடித் தளம் மரப்பலகை. கீழேயிருந்து சற்று மேல்நோக்கிப் போகும் குண்டு பலகையைத் துளைத்து மாடியில் தூங்குகிறவர் வரை போகும். மாடிப்படிக்கு மேலே நின்று கீழே சுடுவது, கீழே நின்று மேலே சுடுவதைவிட எப்போதும் நல்ல கோணம்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். ஹாலோ பாயிண்ட் போட்டால் சுவரைத் துளைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. ஜிப்சம் பலகையைத் துளைக்கும்போது பலகைத் தூள் முனைக் குழியை அடைத்துக்கொள்கிறது. குழி அடைந்த குண்டு விரியாது. சாதாரண உலோக உறைக் குண்டு போலவே அப்பால் போகிறது. விரிவது உடலில் பட்டால் மட்டும். தவறிய குண்டுக்கு ஹாலோ பாயிண்ட் எந்தப் பாதுகாப்பும் தராது.

துணியும் இதே வேலையைச் செய்யும். நம் ஊர் வெயிலில் மெல்லிய டீ சட்டைதான் போடுவார்கள், அதனால் வெறும் ஜெலட்டின் சோதனை முடிவே நமக்கு அதிகம் பொருந்தும். ஆனால் மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டிக்கொண்டு வருவது நமக்குப் பழகிய காட்சி. மார்பின் மேல் ஒரு கனத்த அடுக்கு கூடுதலாக இருக்கும். அதனால் துணிச் சோதனையில் தோற்ற தோட்டாவை வாங்காதீர்கள்.

நகைக்கடைக் கண்ணாடிப் பேழை வழியாகச் சுட நேர்ந்தால், குண்டின் உறை உரிந்து ஈயம் தனியாகப் பிரியலாம், போகும் திசையும் விலகலாம். உறையும் ஈயமும் ஒட்டிச் செய்த பாண்டட் குண்டு இதைத் தாங்கும். கோல்ட் டாட் அந்த வகை. கண்ணாடிக்கு மறுபக்கம் இருக்கும் வாடிக்கையாளரின் கண்ணுக்குள் சில்லு போகும் ஆபத்தை எந்தக் குண்டும் குறைக்காது.

உங்கள் துப்பாக்கியில் ஓடுகிறதா?

பெட்டியின் மேல் எழுதியிருப்பது எப்படியிருந்தாலும், உங்கள் துப்பாக்கியில் சிக்கும் தோட்டா பயனற்றது. அனுமதிக்கப்பட்ட சுடுதளத்தில் சோதனை செய்துதான் இதைத் தெரிந்துகொள்ள முடியும். அமெரிக்காவில் 200 தோட்டா சுட்டுப் பார் என்பார்கள். நம் லைசன்ஸ் அளவுக்கு அது பெரும்பாலும் முடியாத காரியம். 80 தோட்டாவில் உருப்படியாகச் செய்யும் ஒரு வழி இதோ. 80 கூட ஒரே தடவையில் முடியாவிட்டால் லைசன்ஸ் அனுமதிக்கும் அளவில் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1. துப்பாக்கியைச் சுத்தம் செய்து எண்ணெய் போடுங்கள். மேகசின்களில் 1, 2 என்று பெயின்டால் எண் எழுதுங்கள்.
2. அதே எடையுள்ள ஃபுல் மெட்டல் ஜாக்கெட் 30 சுடுங்கள். இதில் சிக்கினால் குறை துப்பாக்கியில் அல்லது மேகசினில். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.
3. தற்காப்புத் தோட்டா 50. ஒவ்வொரு மேகசினையும் முழுதாக நிரப்பிக் குறைந்தது இரண்டு முறை காலி செய்யுங்கள். அதில் 10 தோட்டா ஒற்றைக் கையில், 5 பலமான கை, 5 பலவீனமான கை.
4. அந்த 50இல் ஐந்தை 7 மீட்டரில் கையை மேசையில் தாங்கிச் சுட்டு, பயிற்சித் தோட்டா விழுந்த இடத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 5 சென்டிமீட்டருக்குள் இருந்தால் போதும். நிலையான குறிகாட்டி உள்ள ரிவால்வரில் கனத்த குண்டு மேலே அடிக்கும், இலேசான குண்டு கீழே அடிக்கும்.
5. சிக்கல் வந்தால் எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா என்று எழுதுங்கள். ஒரே மேகசினில் மட்டும் வந்தால் மேகசினை மாற்றுங்கள். இரண்டிலும் வந்தால் தோட்டாவை மாற்றுங்கள்.

எது ஏன் நடக்கிறது என்று தெரிந்தால் மாற்றுவது எளிது. தோட்டா மூக்குக் குத்தி நின்றால், அகன்ற குழிவாய் சேம்பருக்கு ஏறும் சரிவில் இடறுகிறது. ஃபுல் மெட்டல் ஜாக்கெட்டுக்கென்றே வடிவமைத்த பழைய துப்பாக்கிகளில் இது வழக்கம். பழைய பிரவுனிங் ஹை பவர்கள் அதற்குப் பெயர்போனவை. முனை உருண்டையான வேறு ஹாலோ பாயிண்டை முயலுங்கள், சரிவை வீட்டில் அரத்தால் தேய்க்காதீர்கள். காலிக் கூடு வெளியேறாமல் ஸ்லைடில் நிமிர்ந்து மாட்டிக்கொண்டால், தோட்டா வலு குறைவு அல்லது மணிக்கட்டு தளர்வு. ஒற்றைக் கைச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். பிரைமரில் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) மெல்லிய குத்து மட்டும் விழுந்து வெடிக்காவிட்டால், பழைய ஸ்பிரிங் அல்லது கடினமான பிரைமர்.

இலேசான ரிவால்வரில் இன்னொன்று பார்க்க வேண்டும். உதைப்பால் சுடாத தோட்டாக்களின் குண்டு கூட்டிலிருந்து முன்னால் நழுவி, சிலிண்டர் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். ஐந்து தோட்டா போட்டு நான்கைச் சுட்டு, ஐந்தாவதை எடுத்து வெர்னியர் காலிப்பரால் அளந்து பாருங்கள். சுடுவதற்கு முன் அளந்ததைவிட நீண்டிருந்தால் அந்தத் தோட்டா அந்த ரிவால்வருக்கு ஆகாது.

சுடும்போது வழக்கத்தைவிட மெல்லிய சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். மருந்து போதாமல் குண்டு பேரலுக்குள்ளேயே மாட்டியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் பேரல் வெடிக்கும். துப்பாக்கியைக் காலி செய்து பேரலுக்குள் வெளிச்சம் பார்த்துவிட்டுத்தான் மேலே. விசை இழுத்தும் வெடிக்காவிட்டால், முனையை இலக்கை நோக்கியே 30 விநாடி வைத்திருந்து பிறகு தோட்டாவை வெளியே எடுங்கள்.

வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும்

எல்லாப் பெட்டியும் ஒரே லாட் எண்ணாக, அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியாக இருக்கட்டும். சோதித்த லாட்டையே தற்காப்புக்கு வையுங்கள். ஒவ்வொரு தோட்டாவையும் உருட்டிப் பாருங்கள்: கூட்டில் நெளிவு, பச்சை நிறக் களிம்பு, மட்டத்துக்கு மேல் துருத்தும் பிரைமர் எது இருந்தாலும் ஒதுக்குங்கள்.

தினமும் இரவில் ஏற்றி, காலையில் இறக்குபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப சேம்பரில் ஏற்றினால் குண்டு கூட்டுக்குள் பின்வாங்கும். உள்ளே இடம் குறைந்து, சுடும்போது அழுத்தம் எகிறும். புதிய தோட்டாவைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். குட்டையாகிவிட்டதைத் துப்பாக்கியில் போடாதீர்கள். ஏற்றும் தோட்டாவை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

நம் ஊர்க் காற்றின் ஈரம் தோட்டாவுக்குப் பகை. தோல் பையிலோ தோல் பெல்ட்டிலோ வைத்தால் தோலிலுள்ள அமிலம் பித்தளையை அரித்துப் பச்சை பிடிக்கும். ரப்பர் விளிம்புள்ள மூடிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு, துப்பாக்கியோடு அல்லாமல் தனியாகப் பூட்டி வையுங்கள். ஏர்கண்டிஷன் அறையிலிருந்து வெளியே எடுத்த பெட்டியை உடனே திறக்காதீர்கள். உலோகத்தில் நீர் பூக்கும். காரில் விட்டுப் போகவே கூடாது, வெயிலுக்காகவும் திருட்டுக்காகவும். துரு போக்கும் எண்ணெயைத் தோட்டா மேல் தெளித்தால் பிரைமருக்குள் ஊடுருவி மருந்தைச் செயலிழக்கச் செய்யும். துப்பாக்கிக்கும் எண்ணெயை அளவாகப் போடுங்கள்.

ஆண்டுக்கொரு முறை லைசன்ஸ் புதுப்பிக்கும் சமயத்தில் பழைய தற்காப்புத் தோட்டாவைச் சுடுதளத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியது வாங்குங்கள். அப்படிச் சுடும்போதே அது நம்பகமாக இருந்ததா என்பதும் தெரிந்துவிடும். ஒதுக்கிய தோட்டாவைக் குப்பையிலோ ஆற்றிலோ போடக் கூடாது. டீலரிடமோ போலீசிடமோ ஒப்படைத்துக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். ஒன்று காணாமல் போனாலும் உடனே புகார் செய்யுங்கள்.

லைசன்ஸ்காரர் இறந்தால் அவருடைய லைசன்ஸ் குடும்பத்துக்கு மாறாது. அலமாரியில் மிஞ்சியிருக்கும் தோட்டாக்கள் அன்றிலிருந்து வீட்டிலுள்ளவர்களின் தலையில் விழும். ஆகவே தோட்டா எங்கே இருக்கிறது, எத்தனை, எந்தப் போலீஸ் நிலையத்தைக் கூப்பிட வேண்டும் என்பதை வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் சொல்லி, லைசன்ஸ் நகலோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவர்கள் தாங்களே தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போகாமல், தொலைபேசியில் சொல்லிப் போலீசை வீட்டுக்கு வரவழைத்து ஒப்படைக்கட்டும்.